தொழில் வளர்க்கும் ஊர்: குருவிட்டப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) ஆணையை அது கூறுகின்றது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்குதல் வேண்டும் என்பதும், அவர்கள் அங்கே காக்கப்படுதல் வேண்டும் என்பதும் அவ்வாணையின் முற்பகுதி. பிற்பகுதியோ கணக்கியல் நுட்பம் வாய்ந்தது. யானை, குதிரை ஆகியவற்றை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கே அரச பண்டாரத்துக்கு உரியது. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனையே சாரும். ஏனைய வாணிகச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. இன்றைய ஊர்காவற்றுறையே அந்த ஊராத்துறை.

கரையில் ஒதுங்கியதெல்லாம் கரைக்குரிய அரசனுக்கே என்னும் வழக்கம் பரவியிருந்த காலம் அது. அக்காலத்திலே ஓர் அரசன் தன் பண்டாரத்துக்கு வரக்கூடிய பொருளின் ஒரு பகுதியைத் தானே விட்டுக்கொடுத்தான். படைக்கு வேண்டிய யானையையும் குதிரையையும் கொணர்வோனுக்கு மிகுதியாகவும், ஏனையோனுக்குக் குறைவாகவும் அதனை அளந்து கொடுத்தான். இந்நாளில் 'முதலீட்டு ஊக்குவிப்பு' என்று வழங்கப்படும் கொள்கையின் கூறுகள் அனைத்தும் அக்கல்லிலே அடங்கியிருத்தலைக் காணலாம். வரவேண்டியவர் யாவர் என்ற தெரிவு ஒன்று. அவருக்குரிய காவல் மற்றொன்று. முன்னரே அறிவிக்கப்பட்டு மாறாது நிற்கும் விதி பிறிதொன்று. இவற்றோடு, சலுகையின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதும் அதிலே தெளிவாக இருக்கின்றது. அவ்விலையைச் செலுத்தியவன் அரசனே.

இக்கடைசிக் கூறுதான் இக்கட்டுரையின் மையம். ஓர் ஊர் தன்னிடம் தொழில் வந்து சேரவேண்டும் என்று விரும்புகின்றது. அதற்காகக் காணி, வரிவிலக்கு, பாதை, நீர், மின்சாரம் ஆகியவற்றுள் சிலவற்றைக் கொடுக்க முன்வருகின்றது. கொடுப்பவை அனைத்தும் எவருடையவோ ஒருவருடைய பொருளே. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காணாமல், வந்த தொழிற்சாலைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஓர் ஊரின் வளர்ச்சியை அளத்தல் பொருந்தாது. சப்பிரகமுவ மாகாணத்துக் குருவிட்டப் பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம். தேயிலையும் இறப்பரும், மாணிக்கக் குழிகளும், ஆற்று நீர்மின் நிலையமும், ஆடைத் தொழிலும் ஒன்றையொன்று அடுத்துக் காணப்படும் நிலம் அது. தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நிலமும் அதுவே.

சலுகை என்பது யாது?

பழைய நூல்களிலும் ஆவணங்களிலும் இதற்குச் சான்றுகள் பல உள. புதிதாகக் குளமும் அணையும் கட்டுவோர்க்கு 5 ஆண்டும், பாழடைந்தவற்றைப் புதுக்குவோர்க்கு 4 ஆண்டும், புதர் மூடியவற்றைத் திருத்துவோர்க்கு 3 ஆண்டும் வரி விலக்கு அளிக்கவேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கின்றது. முதற் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றதும், காகதிய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கடல் வணிகர்க்கு அபய சாசனம் பொறித்ததும் இவ்வகையினவே.

இக்காலச் சலுகைகளை மூவகையாகப் பகுக்கலாம். வருமான வரி விடுமுறை, இறக்குமதித் தீர்வை விலக்கு ஆகியன முதல் வகை. இவை கம்பனியின் செலவை நேரே குறைப்பன. குறைந்த வாடகைக்குக் காணி, கட்டடம், எளிய கடன் ஆகியன இரண்டாவது வகை. பாதை, நீர், மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிற்பயிற்சி ஆகியன மூன்றாவது வகை. முதலிரு வகைகளும் கம்பனியோடு வந்து கம்பனியோடு போவன. மூன்றாவது வகையோ கம்பனி போனபின்னும் ஊரிலே தங்கிநிற்கும். ஒரு தொழிற்சாலைக்காக இடப்பட்ட பாதையிலே நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் செல்லலாம். ஆனால் ஒரு கம்பனிக்கு விடப்பட்ட வரியை மற்றொருவர் எடுத்துப் பயன்கொள்ள இயலாது.

மலைநாட்டின் முதற் சலுகை

வெளியிலிருந்து வரும் முதலீட்டை நாடி அளிக்கப்பட்ட சலுகைகள் இலங்கையின் மலைப்பகுதிகளுக்குப் புதியன அல்ல. தோட்டம் என்ற அமைப்பே அவற்றின் விளைவு எனலாம். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820களிலே காப்பிச் செய்கையை ஊக்குவிக்க விரும்பினார். காப்பிக் காணிகளின் விளைவுக்கு வரி இல்லை என்றார்; காப்பியின் ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார்; காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரை இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தினின்று விடுவித்தார். கொழும்பு–கண்டிப் பாதையும் அவர் காலத்திலேயே அமைந்தது. பின்னர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்கு உரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் தொடக்கத்திலே ஏக்கருக்கு 5 சிலிங் என்னும் விலைக்கு விற்கப்பட்டன.

காணியும் வரிவிலக்கும் பாதையும் ஆகிய மூவகைச் சலுகைகளும் இங்கே ஒருங்கே வழங்கப்பட்டன. முதலீடும் பெருக வந்தது. ஆனால் நயினாதீவுக் கல்வெட்டில் விலையைச் செலுத்திய அரசன் இங்கே செலுத்தவில்லை. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்த கண்டிக் கிராமத்தவர் காணியால் செலுத்தினர். தமிழ்நாட்டிலிருந்து மன்னாரிலும் பிற துறைகளிலும் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த தொழிலாளர் உழைப்பாலும், வழியிலே நோயுற்று மாண்ட பலர் உயிராலும் செலுத்தினர். விலை கொடுத்த இருசாராரும் பின்னொரு காலத்தில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்க நேர்ந்தமை இந்நாட்டு வரலாற்றின் துயரங்களுள் ஒன்றாகும்.

காப்பியை இலைத்துரு நோய் 1869 முதல் பற்றி அழித்தபின் தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. சப்பிரகமுவவின் தாழ்ந்த மலைச்சரிவுகளும் மிகுந்த மழையும் இறப்பருக்கு ஏற்றனவாக அமைந்தன. களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதைப் புகையிரதம் 1902இல் ஆவிசாவளையை அடைந்தது. 1912இல் குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்காவுக்கும் நீண்டது. தோட்டங்களின் விளைவைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லுதல் அதன் முதன்மை நோக்கம். எனினும் ஊர் மக்களும் அதிலே பயணஞ் செய்தனர். ஆவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களிலே மூடப்பட்டது. அதன்பின் குருவிட்டவுக்கு எஞ்சிய பெருவழி, கொழும்பிலிருந்து ஆவிசாவளை, எகலியகொடை ஊடாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ–4 நெடுஞ்சாலையே. ஓர் ஊரின் தொழில்வளம் அவ்வூரின் முயற்சியால் மட்டும் அமைவதில்லை என்பதற்கும், வேறிடத்தில் எடுக்கப்படும் போக்குவரத்து முடிவொன்று அதனைப் பெரிதும் கட்டுப்படுத்தும் என்பதற்கும் இது சான்றாகும்.

மணியும் நீரும் ஆடையும்

கடந்த 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலே இப்பகுதியைத் தொட்ட ஊக்குவிப்புகள் மூன்றினை ஒப்புநோக்குதல் பயன் தரும்.

முதலாவது மாணிக்கத் தொழில். இரத்தினபுரி மாவட்டத்து மணிகள் பழங்காலந்தொட்டே புகழ் பெற்றவை. ஆயினும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்திலே அவற்றுட் பெரும்பகுதி மறைவழியிற் கடல் கடந்தது. அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் தோற்றுவிக்கப்பட்டது. அதனையடுத்து, ஏற்றுமதி செய்வோர் தாம் ஈட்டிய செலாவணியின் ஒரு பங்கை மாற்றத்தக்க ரூபாய்க் கணக்கிலே வைத்துப் பயன்படுத்தலாம் என்னும் சலுகை அளிக்கப்பட்டது. மறைவழியிற் சென்ற மணிகள் பதிவேட்டுக்கு வந்தன; அரசாங்கக் கணக்கிலே மாணிக்க ஏற்றுமதி விரைந்து உயர்ந்தது. இங்கே வெளியிலிருந்து ஒரு தொழிலை அழைத்துவரவேண்டிய தேவை இருக்கவில்லை. மண்ணும் கைத்திறனும் ஏற்கெனவே ஊரில் இருந்தன. தடையாக நின்ற விதி தளர்த்தப்பட்டதே போதுமானதாயிற்று. எனினும், வயலிலே குழி தோண்டுவதற்குக் காணியின்மேல் உரிமையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். கங்கில் ஒரு பங்கேனும் சொந்தமாக இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு இத்தொழிலிற் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் குழியில் இறங்கும் கூலி வேலையே.

இரண்டாவது சிறு நீர்மின் நிலையம். சிவனொளிபாத மலைச்சரிவிலே தோன்றிக் களு கங்கையிற் கலக்கும் குரு கங்கையில், எரத்ன என்னும் இடத்தில், ஏறத்தாழ 10 மெகாவாற்று ஆற்றலுள்ள நிலையமொன்று 2004இல் இயங்கத் தொடங்கிற்று. தனியார் இத்தொழிலில் இறங்கியதற்கு முதற் காரணம் வரிவிலக்கன்று. சிறு நிலையங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தைக் குறித்த ஆண்டுகளுக்கு, முன்னரே வகுத்த முறைப்படி கணிக்கப்பட்ட விலைக்கு, இலங்கை மின்சார சபை வாங்கிக்கொள்ளும் என்ற நியம ஒப்பந்தமே காரணம். விற்பனை உறுதியாயின் வங்கி கடன் கொடுக்கும். வங்கி கொடுத்தால் அணையும் குழாயும் சுழலியும் எழும். உறுதியான விதி, பணச் சலுகையினும் வலிமை உடையது என்பதனை இது காட்டுகின்றது. ஆனால் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்துக்கு வேண்டிய ஆட்கள் மிகச் சிலரே. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஊரின் வேலையில்லாப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை. முதலீட்டின் தொகையும் வேலைவாய்ப்பின் தொகையும் வெவ்வேறு என்பதனை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது ஆடைத் தொழில். 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தாற் பெருங்கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தது. கட்டுநாயக்காவில் முதலாவது ஏற்றுமதி வலயம் தோன்றியது. பியகம, கொக்கல என்பன பின்தொடர்ந்தன. நீண்ட வரி விடுமுறையும் தீர்வையற்ற இறக்குமதியும் இவ்வலயங்களின் கவர்ச்சிகள். தொழிற்சாலை கொழும்பைச் சூழ்ந்தே நின்றமையால், கிராமத்துப் பெண்கள் வலயத்தை அடுத்த வாடகை அறைகளில் நெருங்கி வாழவேண்டியதாயிற்று. 1992இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆணைக்குழு முதலீட்டுச் சபையாகி முழு நாட்டுக்கும் உரியதாயிற்று. சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் அரசாங்கம் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நாடெங்கும் நிறுவும் திட்டத்தை அதே ஆண்டில் தொடங்கியது. தொழிற்சாலை ஒன்றுக்கு 500 பேரளவில் வேலை என்பது அதன் இலக்கு.

கொழும்பை விட்டு உட்பிரதேசத்துக்குச் செல்ல விரும்பாத முதலாளிகளை அங்கே செல்லத் தூண்டியது எது? பல்லிழை உடன்படிக்கையின்கீழ் அமெரிக்கா முதலிய நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்யும் ஆடைக்கு ஓர் அளவு வகுத்திருந்தன. 'கோட்டா' என வழங்கப்பட்ட அவ்வளவிலே ஒரு பங்கு இல்லாமல் அச்சந்தைகளில் விற்றல் அரிது. உட்பிரதேசத்துக்குச் செல்வோருக்கே இப்பங்கு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. வரி விடுமுறையிலும் இதுவே பெருஞ் சலுகையாக விளங்கிற்று. இதன் விளைவாகக் கிராமத்துப் பெண் தன் வீட்டிலிருந்தே காலையிற் சென்று மாலையில் மீளும் வேலை பல பிரதேசங்களிலே தோன்றியது.

ஆயினும், பிறநாட்டார் வகுத்த விதியின்மேல் எழுந்த சலுகை அவ்விதியோடு முடிவது இயல்பு. கோட்டா முறை 2005 சனவரி 1ஆம் நாள் முற்றாக நீங்கிற்று. அதனையே நம்பி நின்ற சிறு தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 'ஜி.எஸ்.பி. பிளஸ்' என்னும் தீர்வைச் சலுகையை வழங்கியது. 2010இல் மனித உரிமைக் காரணங்களால் அதனை நிறுத்தியது. 2017இல் மீண்டும் அளித்தது. ஒரு தையற்பெண்ணின் வேலை பிறசல்சு நகரத்து முடிவொன்றினால் தளர்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் உலகம் இது. மேலும், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம் பழைய வரி விடுமுறை முறையை விட்டு, முதலீடு செய்த தொகைக்கேற்பத் தேய்மானப் படியை மிகுத்து வழங்கும் முறைக்கு மாறியது. வந்தாற் போதும் என்பதினின்று, உண்மையாக முதலிட்டாற் பயன் என்பதற்குச் சலுகையின் போக்கு மாறியமை வரவேற்கத்தக்கதே.

எல்லைக்குள் இருந்தும் புறத்தே நின்றவர்

இவ்விடத்தில் ஓர் அடிப்படை வினா எழும். தொழிலை அழைக்கும் 'ஊர்' என்பது யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒரு சிறு நகரம் தன் காணி வரியை விட்டுக்கொடுக்கும். கடன்பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் எழுப்பும். இலங்கையிலே கம்பனிகளின் வருமான வரி திறைசேரிக்கு உரியது. ஆதலால் வரிச் சலுகை கொழும்பிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபையின் கையிலே உள்ளவை சோலைவரி, ஏக்கர் வரி, அனுமதிக் கட்டணம் முதலிய சிறு வருவாய்களும், உள்ளூர்ப் பாதை, குடிநீர், கழிவகற்றல், சந்தை, நூலகம் முதலிய பணிகளுமே. முன்னர்க் கூறிய மூன்றாவது வகைச் சலுகை, அதாவது ஊரிலே தங்கிநிற்கும் சலுகை, ஓரளவேனும் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்டது.

ஆனால் அச்சட்டம் தோட்டக் குடியிருப்புகளைத் தன் நோக்கிலே கொள்ளவில்லை. தோட்டம் கம்பனியின் நிலம். ஆகவே, சபை தன் நிதியை அங்கே செலவிடுதல் சட்டத்துக்கு உடன்பாடன்று என்று கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். அவ்வாறு வந்த உறுப்பினர் தம் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்டச் செய்தற்கும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இந்நிலை 2018இலே பிரதேச சபைகள் திருத்தச் சட்டத்தினால் மாற்றப்பட்டது. சட்டம் தோன்றிய நாளிலிருந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், சபை நிதி தோட்டத்துக்குள்ளும் செல்ல வழி பிறந்தது.

இக்குறை வெறுஞ் சட்ட நுணுக்கமன்று. தொழிலோடு நேரே தொடர்புடையது. காலை 7 மணிக்குத் தொழிற்சாலை வாயிலில் நிற்கவேண்டிய பெண்ணுக்கு, லயத்திலிருந்து பேருந்துத் தரிப்பிடத்துக்கு இறங்கிவரப் பாதை வேண்டும். மழைக்காலத்தில் வழுக்காத பாதை வேண்டும். இருளில் விளக்கு வேண்டும். குருவிட்டவை அடுத்த இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அம்மழை இறப்பர் மரத்தையும் ஈரமாக்கிப் பால்வெட்டைத் தடுக்கும். வெட்டு இல்லாத நாளில் வருவாயும் குறையும். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை போராடவேண்டியிருந்தது. மழையால் தடைப்படாத மாதச் சம்பளத்தைத் தோட்டத்து இளைஞர் விரும்புவது இயற்கையே. வேலை அடுத்த நகரில் இருந்தும் அதற்குச் செல்லும் பாதை இல்லாமையால் அவர்கள் கொழும்புக் கடைகளை நாடிச் செல்ல நேர்ந்தால், அருகில் நிறுவப்பட்ட தொழிற்சாலையால் அவர்களுக்கு விளைந்த பயன் யாது?

பாதையோடு வேறு குறைகளும் உள. லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்துசேரும் நிலை நெடுங்காலம் நிலவியது. காணியுறுதி இல்லாதவர் அதனை ஈடுவைத்துக் கடன் பெற்றுச் சிறு தையற்சாலை தொடங்குதல் இயலாது. குடியுரிமையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மறுக்கப்பட்டு, 2003 வரை படிப்படியாகவே மீட்கப்பட்டது. 2015இன் பின் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் முயற்சி தொடங்கியது. 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபை சட்டத்தால் அமைந்தது. இவை தொழிற் கொள்கை என்று பெயர் சூட்டப்பெறாதவை. ஆயினும் முகவரியும் உறுதியும் உடையவனே கடனாளியாகவும் முதலாளியாகவும் ஆகமுடியும் ஆதலின், இவையே அடிப்படையான தொழிற் கொள்கைகள் எனக் கூறுதல் தகும்.

பிற நாடுகளின் படிப்பினை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் பருத்தித் தோட்டங்களின் நாடு. பருத்தி விலை வீழ்ந்து மக்கள் வாடிய 1936ஆம் ஆண்டிலே, ஆளுநர் ஹியூ வைற் 'வேளாண்மைக்குத் தொழிலால் சமநிலை' என்னும் திட்டத்தைக் கொணர்ந்தார். நகரங்கள் மக்களின் வாக்கைப் பெற்றுக் கடன்பத்திரம் வெளியிட்டன. அப்பணத்தால் தொழிற்சாலை கட்டிக் கம்பனிகளுக்குக் குறைந்த குத்தகைக்குக் கொடுத்தன. அமெரிக்க மாநிலங்களிடையே இன்றுவரை நிகழும் சலுகைப் போட்டிக்கு இதுவே முன்மாதிரி. தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் பருத்தி வயலில் உழைத்த கறுப்பின மக்களுக்கு அவ்வாலைகளிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. வேலையிற் பெரும்பகுதி வெள்ளையருக்கே சென்றது. வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த அவர்கள் இத்திட்டத்தை ஏற்கவோ மறுக்கவோ இயலவில்லை. தோட்டச் சமூகம் ஒன்று வாழும் நாட்டிலே சலுகைக் கொள்கை வகுப்போர் மறக்கத்தகாத வரலாறு இது.

தமிழ்நாட்டில் 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கியது. 1971இலே தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூர் முதலிய இடங்களிலே நிலத்தையும் நீரையும் பாதையையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து, தொழில்களை வரவேற்றது. ஓசூர் பெங்களூருக்கு அண்மையில் அமைந்ததும், சென்னைப் பகுதியிலே பொறியியல் கற்றோரும் துறைமுகமும் இருந்ததும் சலுகையிலும் வலிய கவர்ச்சிகள் ஆயின. மறுபுறம், சிறப்புச் சலுகைகளோடு 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, வரித் தகராறும் சந்தை மாற்றமும் சூழ்ந்த நிலையில், 2014இலே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அங்கே இடப்பட்ட பாதையும், அவ்விளைஞர் கற்ற கைத்திறனும் பின்னர் வந்த நிறுவனங்களுக்குப் பயன்பட்டன.

பொருளியலாளர் திமொதி பார்ற்றிக் 2018இல் வெளியிட்ட ஆய்விலே, அமெரிக்காவிற் சலுகை பெற்ற கம்பனிகளுள் அச்சலுகையினாலேயே அவ்விடத்தைத் தெரிந்தவை 100க்கு 2 முதல் 25 வரையே இருக்கலாம் என மதிப்பிட்டார். எஞ்சியவை சலுகை இன்றியும் வந்திருக்கும் என்பது இதன் பொருள். குருவிட்டவுக்கு அண்மையில் ஆவிசாவளையிலே உள்ள சீதாவாக்கக் கைத்தொழிற் பூங்கா, ஜப்பானியக் கடனுதவி கொண்டு நீர் வழங்கலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உட்பட அமைக்கப்பட்டது. நீர் மிகுதியாக வேண்டும் துணிப் பதனீட்டுத் தொழில்கள் அங்கே நிலைபெற்றமை இம்மதிப்பீட்டின் உண்மையை விளக்கும். யாழ்ப்பாணத்து அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போரினால் அழிந்து, போர் முடிந்தபின் இந்திய உதவியோடு மீண்டதையும் இங்கே நினைதல் தகும். அமைதி இல்லாத ஊரிலே எவ்வளவு சலுகை அறிவித்தும் பயனில்லை. 1983ஆம் ஆண்டு வன்செயலின்பின் இந்நாடு இழந்த முதலீடுகள் அதற்குச் சான்று. அவ்வன்செயலால் இரத்தினபுரி மாவட்டத்துத் தமிழரும் துன்புற்றனர்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து குருவிட்ட போன்ற பகுதிக்கு ஏற்ற வழி ஒருவாறு புலனாகின்றது. வரியை விட்டுக்கொடுத்துப் பெரிய நகரங்களோடு போட்டியிடுதல் அதன் ஆற்றலுக்கு உட்பட்டதன்று; அவ்வதிகாரமும் அதனிடம் இல்லை. அதனிடம் உள்ளவை வேறு. நெடுஞ்சாலை உண்டு, நீர் உண்டு, மணியும் அதைப் பட்டை தீட்டும் தொழில் மரபும் அண்மையில் உண்டு, தேயிலையும் இறப்பரும் உண்டு, உழைப்புக்கு அஞ்சாத இளைஞர் உண்டு.

முதலாவதாக, 2018ஆம் ஆண்டின் திருத்தம் ஏட்டளவிலே நின்றுவிடாது, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே தோட்டப் பாதை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு ஒதுக்கப்படும் தொகையாகக் காட்சி தரல் வேண்டும். அத்தொகையைக் கேட்டறிதல் உறுப்பினரது கடமை மட்டுமன்று, வாக்காளரது கடமையுமாகும். இரண்டாவதாக, தோட்டத்தை அடுத்த தமிழ்ப் பாடசாலைகளிலே கணிதமும் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் உயர்தர வகுப்பு வரை கற்பிக்கப்படவேண்டும். அவற்றோடு சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகுதல் வேண்டும். தையற் பொறியில் அமர்பவர் மேற்பார்வையாளராகவும், மேற்பார்வையாளர் பொறியியலாளராகவும் உயர வேறு வழி இல்லை. மூன்றாவதாக, புதிய தொழிலுக்குக் காணியோ பாதையோ பொதுச் செலவில் வழங்கப்படும்போது, சுற்றுவட்டாரத்தார்க்கு எத்தனை வேலை, எத்தகைய பயிற்சி, கழிவு எங்கே செல்லும் என்னும் உடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். பொருளைக் கொடுப்பவர் பொதுமக்கள் ஆதலின், அவ்வுடன்பாட்டை மூன்று மொழிகளிலும் பார்வைக்கு வைத்தல் நீதியாகும். நான்காவதாக, வெள்ளப்பெருக்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 2003ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் இம்மாவட்டம் கண்ட அழிவு, தாழ்நிலத்தை மலிவாகக் கொடுத்துத் தொழிற்சாலையை வரவேற்றல் இருசாரார்க்கும் கேடு என்பதனைக் கற்பித்தது.

ஊராத்துறைக்கு வரும் வணிகனுக்குப் பராக்கிரமபாகு அளித்தது, அவன் பொருளில் அவனுக்குரிய பங்கு அவனையே சேரும் என்ற உறுதி. அதனை அவன் தமிழிற் பொறித்தமை, உரியவர் வாசித்தறியவேண்டும் என்னும் கருத்தினாலேயாம். தன் மண்ணுக்கு வரும் தொழிலிலே தன் பங்கு யாது என்று குருவிட்டத் தோட்டத்துத் தொழிலாளியும் வாசித்தறியக்கூடிய உறுதியொன்று எழுதப்படுமாயின், வருகின்ற தொழிலுக்கும் அவ்வூரே உற்ற காவலாக நிற்கும்.